துண்டுக்கு வெளியே ஒரு விலை

கல்லணையில் தண்ணீர் திறந்துவிட்டால் பூதலூர்ப் பக்கம் எல்லாருக்கும் சந்தோஷம். நாகம்மாளுக்கு மட்டும் அன்று முதல் சோறு இறங்காது. தண்ணீர் வந்தால் நடவு; நடவு வந்தால் ஆடு குற்றவாளி. ஊரே பச்சையாகக் கிடக்கும், அதில் ஒரு வாய் வைக்க ஆட்டுக்கு அனுமதி கிடையாது. பகலெல்லாம் யார் வயலிலாவது களை பறித்துவிட்டு, சாயங்காலம் வாய்க்கால் கரை முழுக்க அலைந்து புல் அறுத்து வருவாள். போட்டுவிட்டாவது உட்காருவாளா? கயிறு அறுந்ததா, ஆடு அவிழ்ந்ததா, எந்த வயலிலிருந்தாவது வசவு கேட்கிறதா என்று வாசலுக்கும் கொட்டகைக்குமாக நடப்பாள். ரேஷன் கடை வரிசையில்கூட நின்ற இடத்திலேயே நடக்கிறவள் அவள்.

இத்தனை நடையும் சொந்த ஆட்டுக்கு அல்ல. ஆடு துரைராசுவுடையது. வாரத்துக்கு விட்டிருந்தார். அதாவது தாயாடு அவருடையது, பாடு அவளுடையது, குட்டியை வளர்த்து விற்றால் ஆளுக்குப் பாதி.

துரைராசு லேசுப்பட்ட ஆள் இல்லை. குத்தகை விவசாயிகளுக்கு ஊரில் அவர்தான் வாய். மிராசுதாரரின் காரியஸ்தர் நெல்லை வீட்டுக்குள் கொண்டுபோய் அளந்துவிட்டு, வெளியே வந்து ஒரு கணக்குச் சொல்வது அந்தக் காலத்து வழக்கம். துரைராசு களத்தில் நெற்குவியல் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டார். "இங்கயே அள! எல்லார் கண்ணு முன்னாலயும் அள!" போலீஸ் வேனில் ஏற்றிக்கொண்டு போனார்கள், மாலையோடு திரும்பி வந்தார். அது முதல் அளவு களத்தில்தான். தேர்தலுக்கு முன், ஏழைகளின் ஆட்சி வரப்போகிறது என்பார். வந்த பிறகு, இன்னும் வந்து சேரவில்லை என்பார்.

கிடாய்களைச் சந்தைக்கு ஓட்டிப்போவதும் அவரே. ஆட்டுச் சந்தையில் விலையை வாயால் சொல்வதில்லை. விற்பவரும் வாங்குபவரும் ஒரு துண்டுக்குள் கையை விட்டு, விரலைப் பிடித்து அமுக்கிப் பேசிக்கொள்வார்கள். பக்கத்தில் நிற்பவருக்குத் துண்டு ஆடுவது தெரியும், தொகை தெரியாது. திரும்பி வந்து, "நாப்பதுக்குத்தான் போச்சு நாகம்மா. சந்தை சரியில்ல" என்று இருபதை நீட்டுவார். அவளுக்கு நினைவு தெரிந்து சந்தை ஒரு வருஷமும் சரியாக இருந்ததில்லை.

பக்ரீத் தை மாதத்தில் வந்த வருஷம் அவளிடம் ஒரு கிடாய் நின்றது. நடையும் மினுக்கும் பார்த்து மைனர் என்று பெயர் வைத்திருந்தாள். அதை விற்று வரும் பாதியில் ஒரு பெட்டைக்குட்டி வாங்கிவிட வேண்டும். யாருக்கும் பங்கில்லாத, தன்னுடையதே தன்னுடையதான குட்டி. இருபது ரூபாய்க்கு அது வராது.

சந்தையன்று துரைராசு கயிற்றைப் பிடித்து இழுத்தார். மைனர் வாசல்வரை வந்து படுத்துக்கொண்டது.

"என்ன நாகம்மா இது, மறியல் பண்ணுது?"

"உங்களப் பாத்துக் கத்துக்கிட்டதுதாண்ணே."

அவள் முன்னால் நடந்தாள். அது எழுந்து பின்னால் வந்தது. வேறு வழியில்லாமல் மூவருமாகச் சந்தைக்குப் போனார்கள்.

அய்யம்பேட்டை வியாபாரி பக்கீர் முகம்மது பல்லைப் பார்த்தார், காதை மடக்கினார், கொம்பைத் தட்டினார். பக்ரீதுக்குக் குர்பானி கொடுக்கும் ஆட்டில் பழுது இருக்கக்கூடாதே. முகத்தில் திருப்தியைக் காட்டாமல் துண்டை எடுத்துக் கைமேல் போட்டார். துரைராசு கையை நீட்டுவதற்குள் நாகம்மாள் துண்டை உருவித் தன் தோளில் போட்டுக்கொண்டாள்.

"ஆத்தா, துண்டக் குடு. பொம்பள கையப் புடிச்சு வெல பேசுனா எங்க ஊர்ல என்னைய உள்ள விடமாட்டாங்க."

"கையப் புடிக்க வேணாம் பாய். வாயத் தொறந்து சொல்லுங்க."

"வழக்கம்னு ஒண்ணு இருக்குல்ல நாகம்மா" என்றார் துரைராசு, குரலைத் தாழ்த்தி. "நாலு பேரு காதுல விழுந்தா யாவாரம் படுத்துடும்."

"வீட்டுக்குள்ள நெல்லு அளந்ததும் வழக்கந்தானேண்ணே? நீங்க குவியல் மேல ஏறி உக்காந்தீங்க. நான் என்ன, ஆட்டு மேலயா ஏறி உக்கார முடியும்?"

சிரிப்பு எழுந்தது. அவரோடு மறியலுக்குப் போன குத்தகைக்காரர்கள் இருவர் அங்கேதான் ஆடு பார்த்துக்கொண்டிருந்தார்கள். "தலைவரே, பதில் சொல்லுங்க!" என்றார் ஒருவர். எந்த மேடையிலும் பதிலுக்குத் தடுமாறாத துரைராசு அன்று புளியமரத்தைப் பார்த்தார்.

"எழுபது" என்றார் பக்கீர் முகம்மது.

நாகம்மாள் துரைராசுவைத் திரும்பிப் பார்த்தாள். நாற்பதுக்குப் போனதாக அவர் சொன்ன போன வருஷத்துக் கிடாய் மைனரைவிட ஒரு பிடி உயரம்.

பக்கத்தில் நின்ற இன்னொரு வியாபாரி திரும்பினார். "இந்தக் கிடாயா எழுபது? எம்பது நான் தர்றேன்."

"யோவ், என் துண்டு அந்தம்மா தோள்ல கெடக்கு. எம்பத்தஞ்சு!"

தொண்ணூறில் நின்றது; அவள் பங்கு நாற்பத்தைந்து. வெயில் ஏறுவதற்குள் நாகம்மாள் இடுப்பில் ஒரு கறுப்புப் பெட்டைக்குட்டி இருந்தது. துண்டை மறக்காமல் திருப்பிக் கொடுத்தாள்.

மறுநாள் காலை துரைராசு வந்தார். "வாரம் முடிஞ்சுது. தாயாட்ட ஓட்டிக்கிறேன்."

"சரிண்ணே."

இழுத்தார். தாயாடு படுத்துக்கொண்டது. களத்தில் கதிர் அடித்துக்கொண்டிருந்தவர்கள் கையை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார்கள்.

கயிற்றைத் தளர்த்திவிட்டு, "வீடு வரைக்கும் முன்னால நட நாகம்மா" என்றார்.

"கூலி உண்டாண்ணே?"

கேட்டுக்கொண்டே நடந்தாள். முன்னால் இடுப்புக் குட்டியோடு அவள், நடுவில் தாயாடு, கடைசியில் தொளதொளத்த கயிற்றைப் பிடித்தபடி துரைராசு. ஊர்வலத்தில் பின்னால் நடந்து அவருக்குப் பழக்கமில்லை.

அவர் வாசலில் ஆட்டைக் கட்டி, "தண்ணி காட்டுங்க, தாகமா இருக்கும்" என்று சொல்லிவிட்டுத் திரும்பினாள். தாயாடு கத்தியது. நின்றாள், பிறகு இன்னும் வேகமாக நடந்தாள்.

அறுத்த வயல்கள் திறந்து கிடந்தன. ஆனியில் தண்ணீர் வரும் வரை குட்டிக்குக் கவலை இல்லை. அதன் பிறகு துரைராசு தன் வரப்பில் அவள் அரிவாளை இறக்க விடமாட்டார். வேறு எந்த வாய்க்கால் கரையில் புல் கிடைக்கும்? தை மாதம்தான், அவகாசம் இருக்கிறது, நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம். குட்டியை வரப்பில் இறக்கிவிட்டு, இன்றைக்கே பார்க்கப் புறப்பட்டாள்.