பானைக்குப் போகாத வேர்

நான் படித்தது மூன்றாம் வகுப்பு வரை. தலையில் வாழைத்தார் சுமந்து காந்தி மார்க்கெட்டில் இறக்கினவன், பிறகு தார் வாங்கி விற்றவன், இன்றைக்கு ஸ்ரீரங்கத்தில் கொள்ளிடத்துப் பக்கம் சொந்தத் தோட்டத்தில் தார் வெட்டுகிறவன். யாரும் கைதூக்கி விடவில்லை. இதைச் சொல்லிக்கொள்வதில் எனக்குக் கூச்சமும் கிடையாது.

வாய்க்கால் வளைகிற இடத்தில் என் தோட்டம். ஆற்றில் தண்ணீர் திறந்தால் அந்த வளைவில் வந்து மோதும், கரை கரைந்துகொண்டே போகும். கல் அடுக்கச் சொன்னார்கள் சிலர். நான் துறையூர்ப் பக்கமிருந்து வெட்டிவேர் நாற்று கொண்டுவந்து, சாண் இடைவெளியில் கரை நெடுக நட்டேன். “புல்லை நட்டு ஆத்தைத் தடுக்கப் போறாராம்” என்று சிரித்தார்கள். இரண்டு மழைக்காலம் தாண்டியதும் தூர்கள் ஒன்றோடொன்று சேர்ந்து வேலியாகிவிட்டன. மேலே வளர்கிற தாளை வெட்டி வாழையடியில் ஈரம் காயாமலிருக்க மூடாக்குப் போடுவேன். அந்தத் தாளில் ஒரு மணமும் இருக்காது. மணமெல்லாம் ஆள் இடுப்பளவுக்குக் கீழே இறங்கியிருக்கும் வேரில்.

கோடையில் மெயின் ரோட்டில் தண்ணீர்ப் பந்தல் வைப்பது என் வழக்கம். போன வருஷம் கரையின் கோடியில் இருந்த சில தூர்களைத் தோண்டி, வேரை அலசிக் காயவைத்துப் பானைகளில் போட்டேன். கோயிலுக்குப் போகிறவர்கள் நின்று குடித்துவிட்டு, “என்ன வாசனை!” என்றார்கள். “என் தோட்டத்து வேர்” என்று ஒவ்வொருவரிடமும் சொன்னேன். கேட்காதவர்களிடமும் சொன்னேன்.

இந்த வருஷமும் பானையில் போட்டது போன வருஷத்து அதே வேர்தான். சித்திரை பாதியிலேயே மணம் ஓய்ந்துவிட்டது. பந்தலுக்குத் தினமும் வரும் ஆட்டோக்காரர் டம்ளரை மூக்கருகே கொண்டுபோய், “என்ன பெரியவரே, பானை முன்னால வந்துருச்சு, வேர் பின்னால வருதா?” என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். ராத்திரி சாப்பிடும்போது வீட்டில் அதைச் சொன்னேன்.

“ஏங்க, நாட்டு மருந்துக் கடையில வாங்கிப் போட்டா யாருக்குத் தெரியப்போவுது?” என்றாள் மனைவி.

“எனக்குத் தெரியுமே.”

“அப்ப வெறுந்தண்ணி குடுங்க. தாகத்துக்குத்தானே வராங்க?”

மறுநாள் விடிந்ததும் கடப்பாரையோடு வளைவுக்குப் போனேன். அங்கேதான் பழைய தூர்கள். வேர் நன்றாக முற்றியிருக்கும். முதல் தூரைச் சுற்றி மண்ணைப் பறித்துக்கொண்டிருந்தபோது கீழேயிருந்து குரல் வந்தது. எனக்கு அடுத்த தோட்டத்தைக் குத்தகைக்கு எடுத்திருக்கும் பெண். அவள் நிலம் தாழ்வானது. அப்போதுதான் வாழைக்கன்று ஊன்றியிருந்தாள்.

“அண்ணே, என்ன பண்றீங்க?”

“பந்தலுக்கு வேர் எடுக்கறேன்மா.”

அவள் மேலே ஏறி வந்தாள். “போன வருஷம் தோண்டுன எடத்தைப் பாத்தீங்களா?”

கோடிக்குக் கூட்டிப்போனாள். குழியை மூடிவிட்டேன் என்று நினைத்து, அதற்குப் பிறகு அந்தக் கோடிப் பக்கமே போகாமல் இருந்தேன். அங்கே மண் சரிந்திருந்தது, அதை அடைத்து மணல் மூட்டைகள் அடுக்கப்பட்டிருந்தன.

“ஐப்பசி மழையில நானும் எங்க வீட்டுக்காரரும் அடுக்குனோம். உங்க தோட்டம் மேடு, தண்ணி ஓரமா போயிரும். வந்து தேங்குறது என் தோட்டத்துல. வளைவுல ஒடைஞ்சா இந்தக் கன்னு ஒண்ணு மிஞ்சாது. உங்க பேரு மணக்கறதுக்கு என் வாழை மிதக்கணுமாண்ணே?”

எனக்குக் கோபம் வந்தது. என் கரை, என் புல், என் கைக்காசு. வாய்வரை வந்ததை அந்த மூட்டைகள் நிறுத்தின. மூட்டை அடுக்கியதை அவள் அதுவரை என்னிடம் சொல்லிக்காட்டவே இல்லை. நானாக இருந்தால் ஊர் முழுக்கச் சொல்லியிருப்பேன்.

இந்தப் புல்லைப் பற்றி அன்றைக்குத்தான் யோசித்தேன். வேர் எடுக்க வேண்டுமானால் தூரை அழிக்க வேண்டும். கரை நிற்க வேண்டுமானால் வேரை மறந்துவிட வேண்டும். ஒரே செடியிடம் இரண்டையும் கேட்டால் அது என்ன செய்யும்?

பறித்த மண்ணைத் திருப்பித் தள்ளி மிதித்தேன். தாளை வெட்டி, தூரின் ஓரத்தில் கிளைத்த நாற்றுகளைப் பிரித்து, கோடியில் சரிந்த இடத்தில் நட்டேன். மிச்சத்தை வீட்டுக்குப் பின்னால் ஆற்று மணல் நிரப்பிய சாக்குகளில் ஊன்றினேன். முற்றியதும் சாக்கைக் கிழித்தால் வேர் முழுசாக வரும், எந்தக் கரையும் இடியாது. இந்த யோசனையும் என்னுடையதுதான். எப்படியும் வேர் முற்ற அடுத்த கோடை தாண்ட வேண்டும்.

அதுவரை பந்தலில் வெறுந்தண்ணீர். ஆட்டோக்காரர் விடவில்லை. “வேர் எங்கேங்க?”

“கரையில வேலையா இருக்கு” என்றேன்.

ஆடியில் வாய்க்கால் நிறைந்தது. அவரை ஆட்டோவோடு தோட்டத்துக்கு வரவழைத்தேன். வளைவில் தண்ணீர் சுழன்று மோதியது. ஒரு கட்டி மண் விழவில்லை. அவர் குனிந்து குனிந்து பார்த்தார்.

“எங்க பெரியவரே, வேர் ஒண்ணும் தெரியலையே?”

“தெரிஞ்சா கரை போச்சுன்னு அர்த்தம்யா.”

கீழே வாழைக்கு மண் அணைத்துக்கொண்டிருந்த அந்தப் பெண் நிமிர்ந்தாள். “பாத்துட்டுச் சீக்கிரம் கெளம்புங்க ஆட்டோக்காரரே. இல்லாட்டி நாத்து வாங்குனதுலேருந்து ஆரம்பிப்பாரு அண்ணன்” என்றாள்.

நான் ஆரம்பித்துவிட்டிருந்தேன்.