அண்ணன் கட்டாத பச்சை டேக்

அண்ணனின் முதலாண்டு நினைவு நாளுக்கு வந்திருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் அவருடைய ஒரே தங்கையின் வணக்கம். நான் பத்தாம் வகுப்பு வரை படித்தவள். நாலு பேர் இருக்கும் இடத்தில் வாய் திறந்து பேசிப் பழக்கம் இல்லாதவள். அதனால் இந்த நினைவு மலரில் எழுதுகிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். எழுத்துப் பிழையை மட்டும்தான் சொல்கிறேன்.

அண்ணன் பழவேற்காடு ஏரியை ஒட்டிய ஒரு குப்பத்தில் பிறந்தார். அப்பாவுக்கு ஏரியில் இறால் பிடிக்கும் தொழில். அண்ணனுக்குப் பதினெட்டு வயது ஆனபோது அப்பா காலமானார். அம்மாவையும் என்னையும் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு அண்ணன் மேல் விழுந்தது. விடிவதற்கு முன் ஏரிக்குப் போய் வலை எடுத்துவிட்டு, பொன்னேரி பஸ் பிடித்து ஐ.டி.ஐ.யில் வெல்டிங் படித்தார். சட்டையில் மீன் வாசனை அடிக்கிறது என்று கூடப் படித்தவர்கள் தள்ளி உட்காருவார்களாம். "தள்ளிக் குந்துனா நல்லதா போச்சி, பெஞ்சு ஃபுல்லா எனக்குத்தான்" என்று பிற்காலத்தில் அதைச் சொல்லிச் சிரிப்பார்.

படிப்பு முடிந்ததும் கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் சேர்ந்தார். எனக்குக் கல்யாணம் செய்து வைத்த பிறகுதான் தானும் கல்யாணம் செய்துகொண்டார். என் வீட்டுக்காரர் இறந்து, கைக்குழந்தையோடு நான் திரும்பி வந்தபோது, அண்ணி முகம் சுளிக்காமல் ஓர் அறையை ஒழித்துக் கொடுத்தார். அண்ணன் அதே கம்பெனியில் பேசி எனக்குப் பெயின்ட் செக்‌ஷனில் வேலை வாங்கிக் கொடுத்தார். பத்து வருடத்துக்கு மேல் இருவரும் ஒரே கம்பெனி பஸ்ஸில் போய் வந்தோம். அண்ணன் முன்பக்கம் உட்காருவார். நான் பின்னால் பெண்களோடு உட்காருவேன்.

எங்கள் கம்பெனியில் முதலில் லாரி பாடிக்கும் தண்ணீர் டேங்குகளுக்கும்தான் வேலை. பிறகு ரேடார் வந்தது. ரேடார் என்றால் முழு ரேடார் இல்லை. அதைத் தூக்கி நிறுத்தும் கம்பம்.

அது எப்படி எங்கள் ஊருக்கு வந்தது என்பதை அண்ணன் பலமுறை சொல்லியிருக்கிறார். முன்பெல்லாம் ராணுவம் இந்தச் சின்ன ரேடார்களை வெளிநாட்டில் வாங்கிக்கொண்டிருந்தது. பிறகு உள்நாட்டிலேயே செய்ய வேண்டும் என்று முடிவானது. டெண்டர், மாதிரி செய்து காட்டுவது, மலையில் ஒரு சோதனை, பாலைவனத்தில் ஒரு சோதனை, அதன் பிறகு விலை பேசுவது என்று வருடக் கணக்கில் இழுக்கும். ஆர்டர் பெரிய கம்பெனிக்குப் போகும். அங்கிருந்து ஒவ்வொரு பாகமாகப் பிரிந்து எங்களைப் போன்ற கம்பெனிக்கு வரும். அந்த ஆர்டருக்காக எங்கள் முதலாளி காத்திருந்த காலத்தில் இரண்டு ஷிஃப்ட் ஒரு ஷிஃப்டாகக் குறைந்திருந்தது. ஆர்டர் வந்த அன்று கேன்டீனில் எல்லோருக்கும் கேசரி போட்டார்கள்.

"இத்தினி ஒசரம் எதுக்குண்ணா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"நீ பழவேற்காட்டு கரையில குந்திக்கினு பாத்தா, தூரத்துல வர்ற போட்டு தெரியுமா? லைட் அவுஸ் மேல ஏறினா தெரியும். அதே கதைதான் பாப்பா. ஒசரமா பறக்குற பிளேன பெரிய ரேடாரு பாத்துரும். திருட்டுத்தனமா வர்றவன் தரையோட தரையா வருவான். மலைக்கும் மேட்டுக்கும் பின்னால பூந்து வருவான். அவன் பெரிய ரேடாருக்குத் தெரிய மாட்டான். அந்தச் சந்து பொந்தைப் பாக்கத்தான் இந்தச் சின்ன ரேடாரு. அது ஒசரத்துல நிக்கணும், ஆடாம நிக்கணும். கம்பம் சாஞ்சா கண்ணு அவுட்டு."

இந்த வேலையில் அண்ணனுக்கு இருந்த பெருமை அளவில்லாதது. ஒவ்வொரு வெல்டருக்கும் ஒரு நம்பர் உண்டு. பற்றவைத்து முடித்ததும் அந்த இணைப்புக்குப் பக்கத்தில் தன் நம்பரை இரும்பிலேயே அடித்துப் பதிக்க வேண்டும். அண்ணன் நம்பர் இருக்கும் இணைப்பில் ஒருநாளும் குறை வந்ததில்லை. கம்பெனி முழுக்க அது தெரியும்.

இனி எழுதப் போவதை நீங்கள் எல்லோரும் வேறு மாதிரி கேட்டிருப்பீர்கள்.

பற்றவைத்த ஒவ்வொரு இணைப்பையும் பெயின்ட் அடிப்பதற்கு முன்னால் சோதிக்க வேண்டும். க்வாலிட்டி சார் சிவப்பு மை தடவி, துடைத்து, வெள்ளை மருந்து அடிப்பார். கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருந்தால் சிவப்புக் கோடாகத் தெரிந்துவிடும். விரிசல் இல்லை என்றால் நோட்டில் எழுதிவிட்டுப் பச்சை டேக் கட்டுவார். பச்சை டேக் இல்லாத இடத்தில் பிரைமர் என்ற முதல் பூச்சை அடிக்கக் கூடாது. என் வேலையின் முதல் பாடம் அது.

அன்று மதியம் கம்பத்தை ஏற்றிப்போக லாரி வந்து நின்றிருந்தது. ஷிஃப்ட் முடிய அரை மணி நேரம் இருந்தது. கடைசிப் பகுதியின் கீல் பொருத்தும் இடத்தில் டேக் இல்லை. சாக்பீஸால் ஒரு வட்டம் மட்டும் போட்டிருந்தது. க்வாலிட்டி சார் அடுத்த ஷெட்டில் இருந்தார். நடந்து போய்க் கூப்பிட ஐந்து நிமிடம் ஆகும். நான் குனிந்து பார்த்தேன். பக்கத்தில் அண்ணன் நம்பர் இருந்தது. அண்ணன் செய்ததில் என்ன வந்துவிடப் போகிறது என்று நினைத்தேன். தின்னர் நனைத்த துணியால் வட்டத்தைத் துடைத்துவிட்டுப் பிரைமர் அடித்தேன். பஸ்ஸில் எனக்குப் பிடித்த ஜன்னல் சீட்டும் கிடைத்தது.

சில வாரம் கழித்து அந்தக் கம்பம் திரும்பி வந்தது. பெரிய கம்பெனியின் மைதானத்தில் எடை ஏற்றி நிமிர்த்திப் பார்த்தபோது கீல் இடத்தில் பெயின்ட் கோடாக வெடித்திருக்கிறது. சுரண்டிப் பார்த்தால் உள்ளே விரிசல். யார் தவறு, இனி நடக்காமல் இருக்க என்ன செய்தீர்கள் என்று எழுதிக் கொடுக்காவிட்டால் மீதி ஆர்டர் இல்லை என்று சொல்லிவிட்டார்கள்.

விசாரணைக்கு முன் தண்ணீர்க் குழாய் பக்கத்தில் அண்ணன் என்னைக் கூப்பிட்டார்.

"பாப்பா, அந்தக் கீல் ஜாயின்ட்டு. அன்னிக்கி ரெண்டு தபா கரன்ட் போயி வந்துச்சி. எனக்கே டவுட்டு. அதான் க்வாலிட்டி சார் நல்லா பாக்கட்டும்னு சாக்பீஸ்ல வட்டம் போட்டு வெச்சேன். நீ பாத்தியா?"

"இல்லண்ணா."

"டேக் இருந்துச்சா?"

"இருந்துச்சிண்ணா. பச்சை."

அண்ணன் என் முகத்தைப் பார்த்தார். நான் குழாயைத் திறந்து கை கழுவிக்கொண்டிருந்தேன். "சரி, நீ போ. போயி சாப்புடு" என்றார்.

க்வாலிட்டி சார் நோட்டில் அந்த இணைப்பைச் சோதித்ததாக எழுத்து இல்லை. டேக் இருந்தது என்று நான் சொன்னால், சோதிக்காமலே டேக் கட்டிய பழி அவர் மேல் விழும். இல்லை என்று சொன்னால் என் மேல் விழும். அண்ணன் உள்ளே போய், டெஸ்ட் முடிந்துவிட்டது என்று நினைத்துத் தானே ஒரு பச்சை டேக்கை எடுத்துக் கட்டிவிட்டதாகச் சொன்னார். அடுத்து என்னைக் கூப்பிட்டார்கள். "உங்க அண்ணனே ஒத்துக்கினாரும்மா. நீங்க பாக்கும்போது டேக் இருந்துச்சில்ல?" என்று மேனேஜர் கேட்டார். ஆமாம் என்று தலையை ஆட்டினேன். கையெழுத்துப் போட்டேன்.

மீதி ஆர்டர் கையை விட்டுப் போகவில்லை. அண்ணனுடைய நம்பரை எடுத்துவிட்டார்கள். அவரைச் சுமை ஏற்றும் பக்கம் மாற்றினார்கள். மூன்று மாதம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிட்டு, தானாக எழுதிக் கொடுத்து வெளியே வந்தார். அதன் பிறகு கவரப்பேட்டையில் கேட்டும் கிரில்லும் செய்யும் பட்டறையில் கடைசி வரை வேலை பார்த்தார். நான் அதே கம்பெனியில், அதே செக்‌ஷனில் இருக்கிறேன். பெர்மனென்ட் ஆகிவிட்டேன்.

நம் சொந்தத்தில் ஒரு கல்யாணம் நடந்தது. பெயர் வேண்டாம். பந்தலுக்குள் அண்ணன் நுழைந்ததும் மாமன் முறை உள்ள ஒருவர் சத்தமாகக் கேட்டார்: "இன்னா மாப்ள, இந்தப் பந்தக்காலு நீ வெச்சதா? சொல்லிடுபா, நான் வெளிய குந்திக்கிறேன்." இன்னொருவர், "டேக் கட்டிக்கீதான்னு பாரு, பச்சை டேக்கு" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அண்ணனும், "பயப்படாத மாமா, உனக்கு ஒண்ணும் ஆவாது, உன் வெயிட்டுக்குப் பந்தல்தான் பயப்படணும்" என்று சொல்லிச் சிரித்தார். நானும் சிரித்தேன். மற்ற எல்லாவற்றையும்விட இதுதான் எனக்கு ஆறவில்லை.

அண்ணன் மகள் டிப்ளமோ முடித்து எங்கள் கம்பெனிக்கே க்வாலிட்டி வேலைக்கு மனு போட்டாள். இன்டர்வியூவில் அப்பா பெயரைப் பார்த்துவிட்டு, சொல்லி அனுப்புகிறோம் என்றார்கள். அவள் அழுதபோது, "அது ஒரு பேஜாரு புடிச்ச கம்பெனி, உனக்கு வாணாம்" என்று அண்ணன் சொன்னார். அவர் அந்தக் கம்பெனியைத் தவறாகப் பேசி நான் கேட்டது அந்த ஒரு முறைதான்.

கடைசி இரண்டு வருடம் அண்ணனுக்குச் சிறுநீரகம் கெட்டுவிட்டது. வாரம் இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ். என் வார லீவை மாற்றிக்கொண்டு ஒருநாள் நான் கூடப் போவேன். ஒருமுறை அங்கே இருந்த டி.வி.யில் எல்லையில் ட்ரோன்கள் தாழப் பறந்து வருவதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். அண்ணன் பக்கத்துக் கட்டிலில் இருந்தவருக்கு விளக்க ஆரம்பித்தார். தாழ வருவதை எந்த ரேடார் பார்க்கும், எந்த இடத்தில் நிறுத்த வேண்டும் என்று வரிசையாகச் சொன்னார்.

"சார் மிலிட்டரியா?" என்று அவர் கேட்டார்.

"இல்லபா. ரேடாரு நிக்கிற கம்பத்தைப் பத்தவெச்சவன். ஒண்ணே ஒண்ணு தப்பாப் போச்சி. நல்ல வேளை, இங்கியே மாட்டிக்கிச்சி. அது அங்க போயி நின்னு, காத்துல சாஞ்சி, அந்த நேரம் பாத்து ஒருத்தன் தாழ வந்திருந்தா? அதை நெனச்சா இப்பவும் தூக்கம் வராது."

அவருக்குத் தூக்கம் போனதற்குக் காரணமான நான், பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து சாத்துக்குடி உரித்துக்கொண்டிருந்தேன்.

வெளியே பஸ் ஸ்டாப்பில், "அண்ணா, அன்னிக்கி அந்த டேக்கு..." என்று ஆரம்பித்தேன். "பஸ்ஸு வர்து பாரு, ஏறு" என்றார். அவர் தடுத்துவிட்டார் என்று எழுதிவிடலாம். ஆனால் பஸ்ஸில் பக்கத்துப் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தோம். பொன்னேரி வரை முக்கால் மணி நேரம். அதற்குப் பிறகு அவர் நாலு மாதம் உயிரோடு இருந்தார். நான் பேசவில்லை.

இந்த மலருக்கு முதலில் வேறு ஒரு கட்டுரை எழுதிக் கொடுத்திருந்தேன். அதில் அண்ணன் நல்லவர், வல்லவர் என்று மட்டும் இருந்தது. அச்சுக்குப் போகும் முன் அண்ணன் மகள் எல்லாக் கட்டுரைகளையும் என்னிடம் படிக்கக் கொடுத்தாள். அண்ணன் மேல் பாசம் உள்ள ஒருவர், "ஒரு சிறு தவறால் வேலையை இழந்தும் மனம் தளராதவர்" என்று எழுதியிருந்தார். அவர் அன்பாகத்தான் எழுதியிருந்தார். ஆனால் அந்த வரி அச்சாகிவிட்டால் பிறகு யாராலும் அதை மாற்ற முடியாது. என் கட்டுரையைக் கிழித்துவிட்டு இதை எழுதினேன்.

எழுதியதை அண்ணியிடம் படித்துக் காட்டினேன். அவர் மீன் ஆய்ந்துகொண்டிருந்தார். முடித்ததும் அரிவாள்மனையைத் தள்ளி வைத்தார்.

"ஏன்யா கட்டின, ஏன்யா கட்டினன்னு அந்த மனுசன நான் கேக்காத நாளில்ல" என்றார் பிறகு. "சோறு போடச்சொல்லோகூட கேட்டுக்கீறேன். ஒரு தபா உன் பேரு அவரு வாயில வர்ல. இத்த நீ அவரு உசுரோட இருந்தப்போ சொல்லியிருந்தா, நான் அவருகிட்ட ஒரு நல்ல வார்த்த பேசியிருப்பனே."

"கிழிச்சிடட்டுமா அண்ணி?"

"கிழிச்சே, நானே ஊரு பூரா சொல்லுவேன். ஒரு வரி கொறைக்காம போடு."

அதன் பிறகு அண்ணி என்னோடு பேசவில்லை. அது நியாயம்தான். கம்பெனி மேனேஜரிடமும் இதையே எழுதிக் கொடுத்துவிட்டேன். விசாரித்துச் சொல்வதாகச் சொன்னார். வேலை போனாலும் போகட்டும். அண்ணன் மகளை மறுபடி இன்டர்வியூவுக்குக் கூப்பிட வேண்டும் என்று அதன் கீழே ஒரு வரி சேர்த்திருக்கிறேன்.

அண்ணனை இரண்டு வருடம் வாடகை பார்க்காமல் வீட்டுக்கும் பஸ் ஸ்டாப்புக்கும் ஏற்றி இறக்கிய ஆட்டோக்காரத் தம்பிக்கும், ஊசி வலிக்காமல் போட்ட நர்ஸ் அம்மாவுக்கும், கடைசி ஊர்வலத்தன்று பட்டறையை மூடிவிட்டு வந்த கவரப்பேட்டைத் தோழர்களுக்கும், உண்மை தெரியாமலேயே மாலையோடு வந்து நின்ற க்வாலிட்டி சாருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. என்னையும் என் பிள்ளையையும் ஒரு சொல் சொல்லாமல் வைத்துக் காப்பாற்றிய அண்ணிக்கு நன்றி சொல்ல எனக்குத் தகுதி இல்லை. இருந்தாலும் சொல்கிறேன்.

அண்ணனைக் கேலி பேசியவர்கள் மேல் எனக்கு வருத்தம் இல்லை. நான் வாய் திறந்திருந்தால் நீங்கள் அப்படிப் பேசியிருக்க மாட்டீர்கள். படையல் முடிந்ததும் எல்லோரும் இருந்து சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும். பந்தியில் நான் பரிமாற வரமாட்டேன். வீட்டுக்குப் பின்னால் பாத்திரம் கழுவும் இடத்தில் இருப்பேன். என்னைக் கேட்க வேண்டும் என்று நினைப்பவர்கள் அங்கே வந்து கேளுங்கள். இந்த முறை முகத்தைப் பார்த்துப் பதில் சொல்வேன்.