ஹாரியட் மலைப் புல்வெளி

கப்பலில் எனக்கு இடம் கிடைத்துவிட்டது என்று சொன்ன அன்றைக்கே, வருகிற ஞாயிற்றுக்கிழமை மலைக்குப் போய்விட்டு வரலாம் என்றும் என் கணவர் சொன்னார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பிள்ளையைப் பறிகொடுத்த வீட்டில் யாராவது மலை பார்க்கக் கிளம்புவார்களா?

அறுபதுகளின் நடுவில் நாங்கள் தீவில், போர்ட் பிளேருக்கு அக்கரையில் பாம்பூஃப்ளாட்டில் குடியிருந்தோம். அவருக்கு எதிர்க்கரையில், சாத்தாமில் மர மில்லில் எழுத்தர் வேலை. காலையில் ஃபெர்ரியில் போய் சாயங்காலம் திரும்புவார். தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து கல்யாணமான வருஷமே என்னைக் கூட்டிவந்துவிட்டார். தகரக் கூரை போட்ட வாடகை வீடு. பக்கத்து வீட்டில் ஒரு மலையாளத்து முஸ்லிம் அம்மா இருந்தார்கள். அவர்கள் பேசுவதில் பாதி மலையாளம், பாதி ஹிந்தி. என் பிரசவத்தின்போது கூட இருந்ததும், என் மகளை முதலில் கையில் வாங்கியதும் அவர்கள்தான்.

மகள் அப்போதுதான் எழுந்து நிற்கப் பழகியிருந்தாள். வேலைக்குக் கிளம்புகிறவரின் கால்சட்டையைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். அவர் ஒரு அடி எடுத்துவைத்தால் தொப்பென்று உட்கார்ந்து சிரிப்பாள்.

நல்ல மழைக்காலத்தில் அவளுக்கு வாந்தியும் பேதியும் கண்டது. விடிந்ததும் டிஸ்பென்சரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். அங்கே இருந்தவர் பார்த்துவிட்டு, உடனே அக்கரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொன்னார். ஜெட்டிக்கு வந்தால் காற்றும் மழையும் அடித்துக்கொண்டு போட் கிளம்பவில்லை. கொட்டகைக்குள் காத்திருந்தோம். கிளம்பி நடுக்கடலுக்கு வந்தபோது பிள்ளை என் மடியில் அசையாமல் இருந்தது. தூங்குகிறாள் என்று நினைத்தேன். எங்களோடு வந்திருந்த பக்கத்து வீட்டம்மாவுக்குத்தான் தெரிந்தது. கையை நீட்டி, துண்டின் நுனியை இழுத்து அவள் முகத்தை மூடினார்கள்.

அக்கரையில் நாங்கள் இறங்கவில்லை. அதே போட்டில் திரும்பினோம்.

எங்கள் பக்கத்தில் பெண்கள் இடுகாட்டுக்குப் போவதில்லை. மத்தியானம் அவர் இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு போனார். கூட நாலைந்து ஆண்கள் போனார்கள். திரும்பி வந்து குளித்துவிட்டு உட்கார்ந்தவரிடம், "எங்க வச்சீங்க?" என்று கேட்டேன்.

"கடலோரமா" என்றார். அதற்கு மேல் அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளிலும் அவர் வீட்டில் தங்கவில்லை. மில்லில் ஓவர்டைம் என்றார். சாயங்காலம் முழங்கால் வரை சேறோடு வருவார். வாசலில் கழுவிக்கொண்டு உள்ளே வந்து போட்டதைச் சாப்பிடுவார். இந்த மனுஷனால் எப்படிச் சோறு தின்ன முடிகிறது, எப்படிக் கணக்கெழுத முடிகிறது என்று அடுப்படியில் நின்று பார்த்துக்கொண்டிருப்பேன். ஆத்திரத்தில் என் நெஞ்சு காய்ந்தே போய்விட்டது. எனக்கு இந்த ஊர் வேண்டாம், அப்பா வீட்டுக்குப் போகிறேன் என்றேன். அவர் மறுபேச்சுப் பேசாமல் கப்பலுக்கு ஏற்பாடு செய்தார்.

மலைக்கு வரமாட்டேன் என்றுதான் இருந்தேன். பக்கத்து வீட்டம்மா மரவள்ளிக்கிழங்கு அவித்து இலையில் கட்டிக் கொண்டுவந்து தந்து, "போயிட்டு வா மோளே. அவன் கேக்குற ஆளில்ல, கேட்டிருக்கான்" என்றார்கள். அவர்கள் முகத்துக்காகக் கிளம்பினேன்.

மழை விட்டு வெயில் தொடங்கியிருந்த காலம். ஹோப் டவுன் வழியாக நடந்து, அங்கிருந்து மேலே ஏறும் பாதையைப் பிடித்தோம். வெள்ளைக்காரன் காலத்தில் பெரிய துரைமார் வெயில் காலத்துக்கு இந்த மலை மேல் போய்த் தங்குவார்களாம். அவர்கள் போன பிறகு பாதையைப் பார்ப்பார் இல்லை. இரண்டு பக்கமும் வானத்தை மறைக்கிற மரங்கள், பிரம்புப் புதர்கள். வெயில் வந்தும் காட்டுக்குள் ஈரம் போகவில்லை, அட்டைகளும் போகவில்லை. அவர் நனைத்த புகையிலையை ஒரு பொட்டலத்தில் கொண்டுவந்திருந்தார். குனிந்து என் காலில் தேய்க்க வந்தார். காலை இழுத்துக்கொண்டேன்.

"அட்டை கடிக்கும்ளா" என்றார்.

"கடிச்சா கடிக்கட்டும்."

அவர் முன்னால் நடந்தார். எந்த இடத்தில் வேர் வழுக்கும், எந்த ஓடையில் எந்தக் கல்லில் கால்வைக்க வேண்டும் என்று திரும்பித் திரும்பிச் சொன்னார். முதல்முறை வருகிறவருக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. கோபம் கண்ணை மறைத்திருந்தது. பாதி மலையில் மூச்சு வாங்க ஒரு விழுந்த மரத்தில் உட்கார்ந்தபோது அது வாய்வழியாக வந்துவிட்டது.

"எதுக்கு என்னை இந்தத் தீவுக்குக் கூட்டிட்டு வந்தீங்க? நம்ம ஊர்ல இருந்திருந்தா ஒரு வண்டியைக் கட்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கலாம்லா. நடுவுல கடல் இருந்திருக்காதுல்லா."

அவர் திரும்பி நிற்காமல், முதுகைக் காட்டியபடியே "ஆமா" என்றார்.

எதிர்த்துப் பேசியிருந்தால் நானும் பேசியிருப்பேன். எழுந்து அவர் பின்னால் நடந்தேன்.

ஒரு திருப்பத்தில் காடு நின்றுபோய் முகத்தில் வெயில் அடித்தது. மலைத் தலையில் இடுப்பளவு புல் வளர்ந்த வெட்டவெளி. காற்றில் புல் ஒரு பக்கமாகச் சாய்ந்து சாய்ந்து நிமிர்ந்தது. நடுவில் துரைமார் பங்களாவின் படிகள் மட்டும் இருந்தன, ஏறிப்போனால் வீடு இல்லை. செங்கல் அஸ்திவாரத்துக்குள் மஞ்சள் பூப்பூத்த செடிகள் மண்டியிருந்தன. அந்தத் தீவில் அவ்வளவு திறந்த இடத்தை நான் பார்த்ததே இல்லை. மூச்சை இழுத்து விட்டேன். அது எனக்கே கேட்டது.

புல்லுக்குள்ளிருந்து கையில் அரிவாளோடு ஒரு பெரியவர் வந்தார். காட்டிலாகாவின் காவல்காரர். இந்தத் தீவிலேயே பிறந்து வளர்ந்தவராம். எங்களைப் பார்த்ததும் சிரித்தார்.

"பாபு, ஆஜ் பீவி கோ பி லாயா?"

இன்றைக்கு வீட்டம்மாவையும் கூட்டிவந்தாயா என்று கேட்கிறார். கடைத்தெருவில் பழகிய ஹிந்தி எனக்கு அந்த அளவுக்குப் புரியும். நான் என் கணவரைப் பார்த்தேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார். பெரியவர் என் பக்கம் திரும்பி, அவருடைய ஹிந்தியில் மெதுவாகச் சொன்னார். மழையானாலும் ஞாயிறு தவறாமல் வருவான், அதோ அந்த ஓரத்தில் உட்கார்ந்திருப்பான், வெயில் சாயவும் எழுந்து போவான், இவனுக்கு யாருமே இல்லையாக்கும் என்று நினைத்திருந்தேன் என்றார். சொல்லிவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போய்விட்டார்.

"ஓவர்டைம்னு சொன்னீங்க" என்றேன்.

"வேற என்ன சொல்ல? வீட்ல அழுதா நீ பார்ப்ப. மில்லுல அழ முடியாது. கீழ அந்த இடத்துக்கே போனா, போற வாறவனெல்லாம் என்ன ஏதுன்னு நிக்கான்."

என் மணிக்கட்டைப் பிடித்துப் புல்வெளியின் ஓரத்துக்குக் கூட்டிப்போனார். இந்தத் தடவை நான் கையை இழுத்துக்கொள்ளவில்லை. கீழே துறைமுகம் முழுவதும் தெரிந்தது. கடல் மேல் தூரத்தில் நீலமாகக் கிடந்ததை ஹேவ்லாக் தீவு என்றார். பிறகு விரலைக் கீழே இறக்கி, எங்கள் பக்கத்துக் கரையைக் காட்டினார்.

"அந்த வளைவு தெரியுதா? அதுல தனியா சாஞ்சு நிக்க ஒரு தென்னை. அதுக்கு இந்தப் பக்கம், கொஞ்சம் மேடா, பச்சையா."

முதலில் தெரியவில்லை. கண்ணைத் துடைத்துவிட்டுப் பார்த்தேன். தெரிந்தது. உள்ளங்கையளவு பச்சை.

"அங்கதான்" என்றார். "நீ பாக்கலையேன்னு இருந்தது. கப்பல் ஏறுறதுக்கு முன்னாடி ஒருதடவை காட்டிரணும்னுதான் கூப்பிட்டேன்."

அத்தனை நாளும் தொண்டைக்குள் கிடந்த கேள்விகள் ஒவ்வொன்றாக வந்தன.

"எந்தப் பக்கம் தலை வச்சீங்க?"

"மலைப் பக்கம் தலை. கடல் பக்கம் கால்."

"சட்டையோடயா?"

"அந்த மஞ்சச் சட்டையோடதான். மேல என் துண்டைச் சுத்தி வச்சேன். மண்ணெல்லாம் ஈரமா இருந்தது. குளிருமேன்னு..."

புல்லில் அப்படியே உட்கார்ந்து, இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு, ஆண்பிள்ளை அழுது நான் கேட்டிராத சத்தத்தில் அழுதார். நான் பக்கத்தில் உட்கார்ந்து அவர் தலையை என் மடியில் சாய்த்துக்கொண்டேன். போட்டில் வந்த அன்றைக்குப் பிறகு எனக்கும் அப்போதுதான் அழுகை வந்தது.

வெகுநேரம் கழித்துக் கிழங்கைப் பிரித்துத் தின்றோம். இறங்கும்போது அவர் என் காலுக்குப் புகையிலை தேய்த்துவிட்டார். காலை இழுத்துக்கொள்ளாமல் காட்டினேன்.

இத்தனைக்குப் பிறகும் நான் கப்பல் ஏறினேன். போகாதே என்று அவர் சொல்லவில்லை. இருக்கிறேன் என்று எனக்கும் சொல்ல வரவில்லை. ஊரில் எல்லோரும் நல்லவிதமாகத்தான் நடத்தினார்கள். மறந்துவிடு, அடுத்தது பிறக்கும் என்றார்கள். அவர்களைக் குறைசொல்ல முடியாது. அவர்கள் யாரும் என் மகளைப் பார்த்ததில்லை. அவள் மூக்கு எப்படி இருக்கும், எப்படிச் சிரிப்பாள் என்று சொன்னால் தலையை ஆட்டிக் கேட்டுக்கொள்வார்கள், அவ்வளவுதான். ஒரு நாள் அம்மாவிடம் அவளைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தபோது, கால்சட்டையைப் பிடித்தபடி அவள் நிற்பதைச் சொல்ல வந்து பாதியில் நிறுத்திவிட்டேன். அதற்கு மேல் சொல்லப் பிடிக்கவில்லை. என்னைப் போல அவளைத் தெரிந்த ஒரே ஆள் அங்கே கடலுக்கு அந்தப் பக்கம் இருந்தார்.

அடுத்த மழை முடிந்து நான் திரும்பிப் போனேன். பிறகு எங்களுக்கு இரண்டு பையன்கள் பிறந்தார்கள். மலைக்குச் சில ஞாயிறுகள் சேர்ந்தே போனோம். பையன்கள் வந்த பிறகு அது குறைந்து, அப்புறம் நின்றும்போனது. வீட்டில் அவளைப் பற்றிப் பேசுவதும் அதே மாதிரிக் குறைந்தது. துக்கம் குறைந்ததென்று சொல்லமாட்டேன். ஆளுக்கொரு பக்கம் வைத்துக்கொண்டோம்.

எழுபதுகளில் ஒரு தடவை ஊருக்குப் போவதற்காகப் போர்ட் பிளேர் ஜெட்டியில் கப்பலுக்குக் காத்திருந்தோம். இலங்கைத் தோட்டங்களிலிருந்து வந்து, கட்சால் தீவுக்கு ரப்பர் வேலைக்குப் போகிற குடும்பங்கள் அங்கே மூட்டை முடிச்சுகளோடு உட்கார்ந்திருந்தன. கைக்குழந்தையோடு இருந்த ஒரு பெண் என் பையன்களைப் பார்த்துவிட்டு, "ஒங்களுக்கு எத்தின புள்ளைங்க அக்கா?" என்று கேட்டாள்.

"ரெண்டு பையன்" என்றேன்.

பக்கத்தில் பெட்டி மேல் உட்கார்ந்திருந்த அவர், "ஒரு பொண்ணு, ரெண்டு பையன்" என்றார். என்னைத் திருத்துகிற மாதிரி இல்லை. தனக்குத்தானே சொல்வது போல.

"பொண்ணு வரலைங்களா?"

அவர் கடலைப் பார்க்கத் திரும்பிக்கொண்டார். "மூத்தவ அவ" என்றேன் நான். "அவ இங்கேயே இருந்துக்குவா."

அந்தப் பெண்ணுக்குப் புரிந்ததா என்று தெரியவில்லை. குழந்தையைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டாள். பையன்கள் இரண்டு பேரும் கயிறு கட்டுகிற இடத்துக்கு ஓடிவிட்டார்கள். நான் எழுந்து அவர்களைப் பிடிக்கப் போனேன்.