காட்டுக்குப் போக ஒரு தக்காளிக் கத்தி

என் அக்கா சீதேவிப்பிள்ளையின் புருஷன் நல்லரத்தினம் அத்தான் அமிர்தகழியில் வாவிக்கு வலை போடுகிறவர். தங்கமான மனிதர். ஆனால் வாசலைத் தாண்டினால் கையில் கத்தி பிடிக்கமாட்டார். யுத்த காலத்தில் ஒருநாள், மீன் வெட்டும் கத்தியை இடுப்பில் செருகியபடி வந்தவரைச் சோதனைச் சாவடியில் மறித்து, இது எதற்கு என்று கேட்டார்கள். மீன் பிடிக்கிறவனிடம் கேட்கிற கேள்வியா அது? பயத்தில் அவருக்கு வாயே வரவில்லை. பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். விட்டபோது இடது காது கேட்கவில்லை. அதன்பிறகு தோணியில் வலை சிக்கினால்கூடப் பல்லால் கடித்துத்தான் அறுப்பார். ஊரில் அவரைப் பகிடி பண்ணாத ஆளில்லை.

சுனாமியன்று அவருடைய ஒரே மகள் நிருஷா நாவலடியில் மாமி வீட்டில் நின்றாள். பிள்ளை இல்லை என்றே நாங்கள் முடிவு கட்டிவிட்டோம். பொழுதுபடுகிற நேரம் முன்பின் தெரியாத ஒருவர் அவளைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். அத்தான் நின்ற இடத்திலேயே மண்ணில் விழுந்து, தாயோ தகப்பனோ பிள்ளையைக் கூட்டிக்கொண்டு காட்டுவழியாகக் கதிர்காமத்துக்கு நடந்து வருவோம் என்று நேர்த்தி வைத்தார். வைத்தது சரி, நடப்பது எப்படி? யுத்தத்தால் உகந்தைக்கு அப்பால் காட்டுக்குள் போக வழியில்லை. நேர்த்தி அப்படியே கிடந்தது. பிள்ளைக்கு ஒரு தடிமல் வந்தாலும் "நேர்த்திக்குறைதான்" என்று அவர் முகம் கறுத்துப்போகும்.

யுத்தம் முடிந்த அடுத்த ஆண்டு காட்டுப்பாதை திறந்தது. அத்தான், அக்கா, நிருஷா, நான் நாலு பேரும் போவதென்று முடிவானது. காட்டில் படுத்து, காட்டில் சமைத்து, காட்டிலேயே விடிய எழும்பி நடக்க வேண்டும். முள் வெட்ட, விறகு வெட்ட ஒரு நல்ல கத்தி வேண்டும். ஆறு வற்றிக் கிடக்கும், மணலைத் தோண்டித் தண்ணீர் எடுக்க ஒரு சின்ன மண்வெட்டி வேண்டும். மேலே கட்ட ஒரு படங்கு, கயிறு, டோர்ச். இவ்வளவுதான். அத்தானும் நானும் முனாப் காக்காவின் இரும்புக் கடைக்குப் போனோம்.

"காட்டுக்கா? அப்ப இதான் சாமான்" என்று காக்கா மூக்கு வளைந்த காட்டுக்கத்தி ஒன்றை எடுத்து மேசையில் வைத்தார்.

அத்தான் அதைத் தொடவில்லை. "இதப் பாத்தா ஆமிக்காரன் என்ன நினைப்பான், காக்கா?"

"விறகு வெட்டப் போறாரு எண்டு நினைப்பான்."

"மறுகா, வேற ஏதும் நினைச்சிட்டா?"

காக்கா என்னைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். "நல்லரத்தினம், நீங்க கத்தி வாங்கிறது மரம் வெட்டவா, ஆமிக்காரனுக்குக் காட்டவா?"

ஆமிக்காரனுக்குக் காட்டத்தான். மண்வெட்டி வேண்டாமாம், என்னத்தைப் புதைக்கப் போகிறாய் என்று கேட்பானாம். அதற்குப் பதில் ஓர் அகப்பை. பச்சைப் படங்கு வேண்டாமாம், ரோஸ் நிறத்தில் பூப்போட்ட மேசைவிரிப்பு. டோர்ச் என்றால் பற்றறி இருக்குமாம், பற்றறி என்றால் கேள்வி வருமாம், ஆகவே மெழுகுதிரி. கடைசியில் கத்தி என்று அவர் எடுத்தது மஞ்சள் பிடிபோட்ட ஒரு தக்காளிக் கத்தி. எனக்கு வந்த சிரிப்பை அடக்கப் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

அக்கா சிரிக்கவில்லை. "யானை வந்தா என்ன செய்யிற? கொஞ்சம் நில்லு, தக்காளி வெட்டித் தாறன் எண்டு சொல்லுவீங்களா?"

"யானைய விடு சீதேவி. யானை கேள்வி கேக்காது."

அக்கா வாயை மூடிக்கொண்டாள். அவள் வாயை மூடினால் ஏதோ செய்யப்போகிறாள் என்று அர்த்தம். அடுத்த நாள் அவளே போய் அந்தக் காட்டுக்கத்தியை வாங்கி, தன் அரிசிப் பைக்குள் அடியில் புதைத்து வைத்தாள். என்னிடம் மட்டும் சொன்னாள்.

உகந்தையில் காட்டு வாசலில் பைகளைப் பார்த்தார்கள். அத்தானுடைய பையைத் திறந்த இளம் சிப்பாய் பூப்போட்ட விரிப்பையும் அகப்பையையும் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் திருப்பிக் கொடுத்தான். அத்தான் பெருமையாக என்னைப் பார்த்தார். அடுத்தது அக்காவின் பை. சிப்பாயின் கை அரிசிக்குள் போயிற்று, நின்றது, கத்தியோடு வெளியே வந்தது.

"இது யார்ட?" என்று தெரிந்த தமிழில் கேட்டான்.

அக்கா வாயைத் திறப்பதற்குள் அத்தான் முன்னால் வந்து நின்றார். "என்ர" என்றார். "என்ர கத்தி ஐயா. விறகு வெட்ட. இவக்கு ஒண்டும் தெரியாது."

அந்தக் கத்தி பைக்குள் இருந்ததே அவருக்கு அப்போதுதான் தெரியும். சிப்பாய் அலகில் பெருவிரலை வைத்துப் பார்த்தான். "மொட்டை" என்றான். கத்தியை எடுத்துக்கொண்டு கொட்டிலுக்குப் பின்னால் போனான். அத்தான் பிள்ளையின் தலையைத் தடவி, "அம்மாட கைய விடாம நட மகள்" என்றார். அதைக் கேட்டு எனக்கு அழுகை வந்துவிட்டது.

பின்னாலிருந்து கல்லில் இரும்பு உரசுகிற சத்தம் கேட்டது. வெகுநேரம் கேட்டது. பிறகு சிப்பாய் வந்து, தீட்டிய கத்தியைப் பிடி அத்தானின் பக்கம் இருக்கும்படி நீட்டினான். "காட்டில அலி இருக்கு. கவனம். போங்க." யானையைத்தான் சிங்களத்தில் அப்படிச் சொன்னான்.

அத்தானுக்குக் கை வரவில்லை. நான்தான் வாங்கினேன். அரோகரா சொல்லிக்கொண்டு ஓட்டமும் நடையுமாகக் காட்டுக்குள் போய், வாசல் மறைந்ததும் நாலு பேரும் மணலில் விழுந்து உட்கார்ந்தோம். முதலில் சிரித்தது நிருஷாதான். பிறகு எல்லோரும் சிரித்தோம், கண்ணில் தண்ணீர் வரும்வரை. நெஞ்சில் இருந்த பாறையைத் தூக்கி எறிந்ததுபோல இருந்தது.

சிரித்து முடிந்ததும் அக்காவுக்குப் பழைய கோபம் திரும்பியது. "பைக்குள்ள வைச்சது நான். ஏன் உங்கட எண்டு சொன்ன நீங்க? திரும்பவும் புடிச்சிக்கிட்டுப் போயிருந்தா?"

"போனா நான்தானே போவன்" என்றார் அத்தான். "பிள்ளையோட நீ நடந்து முடிச்சிருப்பாய். தாயோ தகப்பனோ எண்டுதானே நேந்தன்."

அக்கா அவருடைய நல்ல காதின் பக்கம் போய் உட்கார்ந்து, தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள்.