பக்கத்து இலைக்கு ஒரு ஜெபம்

ஜிப்பக்காவுக்கு அந்தப் பெயர் வந்ததில் ரகசியம் ஒன்றும் இல்லை. பழைய துணி பழுது பார்க்கும் தையல் கடையில் இருபது வருடமாக அவளுக்கு ஒரே வேலை, ஜிப் மாற்றுவது. பேண்ட், கோட்டு, பள்ளிக்கூடப் பை, ஒரு தடவை யாரோ தூக்கிக்கொண்டு வந்த கூடாரம் கூட. உடைந்த ஜிப்பைப் பார்த்ததும் எது முரட்டுத்தனமாக இழுத்துப் போனது, எது துவைத்துத் துவைத்துப் போனது என்று சொல்லிவிடுவாள். தெருவில் பாதிப் பேருக்கு அவளுடைய சொந்தப் பெயரே தெரியாது. வாய் கொஞ்சம் நீளம். மனசு தங்கம் என்று நான் பொய் சொல்லப் போவதில்லை. அந்த மனசு பட்ட பாட்டைக் கேட்டுவிட்டு நீங்களே சொல்லுங்கள்.

அவள் வீட்டுக்காரர் பஸ் டிரைவர். இரண்டு வருடத்துக்கு முன் ஒரு காலையில், பல் தேய்த்துக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்து விழுந்துவிட்டார். பக்கவாதம். நடை திரும்பி வந்தது. கை பாதி வந்தது. பேச்சு மட்டும் வரவில்லை. மிஞ்சியது ஒரே ஒரு சொல், 'சரி'. பசிக்குதா என்றால் சரி. குளிருதா என்றால் சரி. 'நான் செத்துப் போனா என்ன பண்ணுவீங்க?' என்று ஒருநாள் ஆத்திரத்தில் கேட்டுவிட்டாள். அதற்கும் சரி என்றார். ஆனால் சொன்ன கையோடு கண் கலங்கியது. கேட்பதெல்லாம் விளங்குகிறது, வாய்தான் ஒத்துழைக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் முப்பது படஅட்டைகள் கொடுத்திருந்தார்கள். கதவு, சீப்பு, செருப்பு, கடிகாரம். தினமும் காலையில் கடைக்குப் போகுமுன் அவர் எதிரே நின்றபடி ஒவ்வொன்றாகக் காட்டுவாள். 'இது என்ன? ச்... செ... செருப்பு. சொல்லுங்க பாப்போம்.' அவர் நெற்றி வியர்க்க முயன்று, கடைசியில் 'சரி' என்பார். அடி மேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்று சொன்னவன் யாரோ, அவன் அம்மியைத்தான் பார்த்திருக்கிறான், இந்த மனுஷரைப் பார்த்ததில்லை.

அவளுடைய சபையில் ஒரு வழக்கம் உண்டு. வருடத் தொடக்கத்தில் ஒரு பெட்டியில் எல்லார் பெயரையும் போட்டு, இரண்டிரண்டாக எடுப்பார்கள். ஜெபச் சோடி என்று அதற்குப் பெயர். உன் விண்ணப்பத்தைச் சீட்டில் எழுதி உன் சோடியிடம் கொடு, அவளுடையதை நீ வாங்கிக்கொள். வருடம் முழுக்க நீ அவளுக்காக ஜெபிக்க வேண்டும், அவள் உனக்காக. கேட்டது கிடைத்துவிட்டால் புதுச் சீட்டு தரலாம். வருடக் கடைசியில் சோடி சோடியாக எழுந்து, ஆண்டவர் செய்ததைச் சபைக்குச் சாட்சி சொல்ல வேண்டும். அதிலும் தன் கதையைச் சொல்லக் கூடாது, கூட்டாளியின் கதையைத்தான் சொல்ல வேண்டும். தன்னதைச் சொன்னால் பெருமை வந்துவிடுமாம். போதகரின் ஏற்பாடு.

அந்த வருடம் ஜிப்பக்காவுக்கு வந்த சோடி, போயும் போயும் அவள் ஓரகத்தி. கொழுந்தன் மனைவி. வீட்டில் எல்லாரும் சின்னவள் என்பார்கள். மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. மடிப்புக் கலையாத சேலை, மடிப்புக் கலையாத சிரிப்பு.

ஜிப்பக்கா சீட்டில் எழுதியது ஒரே வரி: 'அவருக்குப் பேச்சு வரணும்.' சின்னவள் எழுதியது, புருஷனுக்கு வேலை. ஜிப்பக்கா நல்ல மனசோடுதான் ஆரம்பித்தாள், அதை ஒத்துக்கொள்ள வேண்டும். தினமும் விடியலில் கட்டில் பக்கம் முழங்கால் போட்டு உருகி உருகிக் கேட்டாள். மூன்றே வாரம். கொழுந்தனுக்கு வேலை கிடைத்துவிட்டது. சின்னவள் அடுத்த சீட்டைக் கொடுத்தாள், மகனுக்குக் கல்லூரியில் இடம். அதுவும் கிடைத்தது, அதுவும் அவன் கேட்ட பாடத்திலேயே.

பக்கத்து இலைக்குப் பாயசம் கேட்டால் நம் இலைக்கும் ஒரு கரண்டி விழும் என்பார்கள். இங்கே பாயசம் மொத்தமும் பக்கத்து இலையிலேயே கொட்டியது.

சின்னவள் மூன்றாவது சீட்டோடு வந்து நின்றாள். 'அக்கா, உங்க ஜெபத்துக்கு அப்படி ஒரு பலம்க்கா! இப்போ சொந்தமா ஒரு வீடு. சின்னதா இருந்தாலும் போதும்.'

'என் சீட்டு என்னாச்சு?' என்றாள் ஜிப்பக்கா.

'ஆண்டவர் ஏற்ற நேரத்துல செய்வாருக்கா. நான் விடாமக் கேட்டுக்கிட்டுதான் இருக்கேன்.'

ஏற்ற நேரமாம்! இவளுக்கு மூன்று வாரத்தில் ஏறுகிற நேரம் எனக்கு மட்டும் ஏணி வைத்தாலும் ஏறாதோ? ஜிப்பக்காவுக்கு வயிறு எரிந்தது. அன்றோடு வேலைநிறுத்தம். விடியலில் முழங்கால் போடுவாள், கண்ணை மூடுவாள், சின்னவளின் முறை வந்ததும் ஜிப் கணக்குச் சொல்லுவாள். 'ஏழு இஞ்ச் கறுப்பு, ஒன்பது இஞ்ச் நீலம், பித்தளைப் பல் வெச்சது ரெண்டு, ஆமென்.' இப்போது பார்க்கலாம், வீடு எப்படி வருகிறது என்று.

வந்தது ஐயா வந்தது! ஆறே மாதத்தில் வந்தது. இரண்டு படுக்கையறை, பின்பக்கம் ஒரு மாமரம் வேறு. பால்காய்ச்சும் நாளில் ஜிப்பக்கா முகமெல்லாம் சிரிப்பாகப் போய் எல்லா அறையையும் பார்த்தாள். அலமாரிக் கதவை இழுத்தாள். சத்தமில்லாமல் திறந்தது. அதுகூட அவளுக்குப் பொறுக்கவில்லை.

வீடு திரும்பி ஆண்டவரிடம் நேராகவே கேட்டாள். 'நான் கேட்டப்பவும் அவளுக்குக் குடுத்தீர். கேக்காதப்பவும் அவளுக்கே குடுத்தீர். அப்ப என் சத்தம் உம்ம காதுல விழவே இல்லையா? இல்ல, விழுந்துதான் இப்படிப் பண்றீரா? ரெண்டுல ஒண்ணு சொல்லும்.' கேட்டுவிட்டு எழுந்துபோய், மறுநாள் காலைக்கு அட்டைகளை அடுக்கி வைத்தாள்.

வருடக் கடைசி நெருங்கியது. ஒரு சனிக்கிழமை மதியம், ஜிப்பக்கா வீட்டுக்காரரின் மூக்குக்கண்ணாடிக் காது தளர்ந்துவிட்டதென்று சரிசெய்ய வந்தாள் சின்னவள். நின்றபடியே சின்னத் திருப்புளியால் முடுக்கி, அவர் மூக்கில் மாட்டினாள். 'இப்ப எப்படி இருக்கு அத்தான்?'

அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். உதடு கோணியது. 'உக்... உக்காரும்மா' என்றார்.

சமையலறை வாசலில் நின்ற ஜிப்பக்கா கையிலிருந்த டீயை மறந்தாள், தரையெல்லாம் டீ. சின்னவள் 'ஸ்தோத்திரம்! அக்கா, ஸ்தோத்திரம்!' என்று கத்திக்கொண்டே உட்கார்ந்து, முகத்தைப் பொத்திக்கொண்டு ஓவென்று அழுதாள்.

சந்தோஷம் வந்தது, வராமல் இல்லை. ஒரு மூச்சு நேரம் இருந்தது. அதற்குள் பின்னாலிருந்து பொறாமை இடித்துத் தள்ளிக்கொண்டு முன்னால் வந்துவிட்டது. இரண்டு வருடமாக இந்த வீட்டில் கால் கடுக்க நிற்பவள் நான். வாய் துடைத்தவள் நான். முப்பது அட்டையை அறுநூறு தடவை காட்டியவள் நான். உக்காரு என்கிற முதல் வார்த்தை அரைமணி நேரம் வந்து போகிறவளுக்கா? சின்னவள் போனதும் அவர் முன்னால் போய் நின்றாள். 'எனக்குச் சொல்லுங்க. என்னை உக்காரச் சொல்லுங்க.' அவர் திணறினார், முகம் சிவந்தது. 'சரி' என்றார்.

மறுநாள் சாட்சி ஞாயிறு. சின்னவள் எழுந்து ஜிப்பக்காவின் கதையைச் சொன்னாள். வருடம் முழுக்கச் செய்த ஜெபம், பேசாத அத்தான் பேசியது, எல்லாம். சபையே கைதட்டியது. அடுத்து ஜிப்பக்காவின் முறை. வேலை, கல்லூரி, வீடு என்று மூன்றையும் மனப்பாடம் செய்து வைத்திருந்தாள். எழுந்தாள். வாயைத் திறந்தால் வேறொன்று வந்தது.

'ரெண்டு சீட்டுக்கு ஜெபிச்சேன். வீட்டுக்கு ஜெபிக்கல. எரிச்சல்ல ஜிப் எண்ணிக்கிட்டு இருந்தேன். வீடு தானா வந்துச்சு. எனக்கு ஒண்ணும் புரியல. அவ்வளவுதான்.'

உட்கார்ந்துவிட்டாள். போதகர் இருமினார். பாட்டு நம்பரைச் சொன்னார், அதையும் தப்பாகச் சொன்னார்.

ஆராதனை முடிந்து, பின்கட்டுத் தொட்டியில் ஜிப்பக்கா டீ டம்ளர்களைக் கழுவிக்கொண்டிருந்தாள். யார் முகத்திலும் முழிக்காமல் இருக்க அது ஒன்றுதான் வழி. சின்னவள் வந்து பக்கத்தில் நின்று, ஒரு டம்ளரை எடுத்துத் துடைத்தாள்.

'திட்டணும்னா திட்டிடு' என்றாள் ஜிப்பக்கா.

'திட்ட என்ன இருக்கு? நான் சீட்டுல எழுதினதெல்லாம் எழுதணுமேன்னு எழுதினதுக்கா. கேக்க வேண்டியதை எழுதவே இல்ல.'

'வேற என்னடி வேணும் உனக்கு?'

'உங்க கொழுந்தன் என்கிட்ட பேசி ஒன்றரை வருஷமாச்சு. சாவி எங்க, பில்லு எங்க, அவ்வளவுதான். போன்ல யார்கிட்டயோ சிரிச்சுச் சிரிச்சுப் பேசுவார். நான் வந்தா வெச்சிடுவார். இதை எப்படிக்கா சபையில எழுதிக் குடுக்கிறது?' டம்ளர் எப்போதோ காய்ந்துவிட்டது, இன்னும் துடைத்துக்கொண்டிருந்தாள். 'அத்தான் உக்காரும்மான்னாரே, நான் அழுதது அவருக்காக இல்ல. என்னைப் பாத்து ஒருத்தர் அப்படிச் சொல்லி எத்தனை நாளாச்சு! நீங்க அட்டையை வெச்சுக்கிட்டு அவர்கூட மல்லுக்கட்டுறதப் பாத்தா எனக்குப் பொறாமையா இருக்கும்க்கா. ஒத்தைச் சொல்லுன்னாலும் உங்களைப் பாத்துல்ல சொல்றாரு?'

ஜிப்பக்காவுக்கு அப்போது என்ன தோன்றியது தெரியுமா? இரக்கம் என்று சொல்ல ஆசைதான். முதலில் வந்தது வயிற்றில் பால் வார்த்த மாதிரி ஒரு குளிர்ச்சி. அப்பாடா, இவளுக்கும் ஒரு குறை! அந்தக் குளிர்ச்சியை அவளே உணர்ந்தபோது, கையிலிருந்த டம்ளரை வைக்க இடம் தெரியாமல் நின்றாள். சீ, நானும் ஒரு மனுஷியா என்று இருந்தது. ஈரக் கையோடு சின்னவளின் தோளைப் பிடித்துக்கொண்டாள். இஸ்திரி போட்ட சேலை நனைந்தது.

மறுநாள் விடியலில் கட்டில் பக்கம் முழங்கால் போட்டாள். அவர் தூங்கிக்கொண்டிருந்தார். யாரும் எழுதித் தராத சீட்டுக்கு அன்றுதான் முதல் ஜெபம். 'ஆண்டவரே, அந்தப் பய அவகிட்ட வாய் திறந்து பேசணும். மனசோட பேசணும். பாவம் அவ' என்றாள். கண்ணீர் நிஜமாகவே வந்தது. ஆமென் சொல்லி எழுந்தாள். பாதி எழுந்தவளுக்கு என்னவோ உறுத்த, மறுபடி முழங்கால் போட்டாள்.

'இவரையும் அவனையும் ஒரே நாள்ல பேச வெச்சாலும் எனக்குச் சம்மதம், ஆண்டவரே. ஆனா காலைல எனக்கு, சாயங்காலம் அவளுக்கு.'