நம்பர் போட்ட மரங்கள்

சிங்காநல்லூரில் ஒரு பம்ப்செட் பட்டறையில் எனக்கு வேலை. வார்த்து வரும் இரும்புச் சாமான்களை அளந்து பார்த்து, சரியாக இருந்தால் வெள்ளை பெயிண்டில் நம்பர் போடவேண்டும். நம்பர் இல்லாத சாமான் பட்டறையை விட்டு வெளியே போகாது. வருஷக்கணக்கில் அதையே செய்தவனுக்கு எதைப் பார்த்தாலும் ஒரு நம்பர் போட்டால்தான் மனசு ஆறும். "பெத்த புள்ளைக்கும் ஒண்ணு போட்டு உடுங்க" என்று மனைவி கேலி செய்வாள்.

தொண்ணூறுகளின் நடுவில் இந்தப் புத்திதான் என்னைப் பறவை எண்ணுகிறவர்களிடம் கொண்டுபோய்ச் சேர்த்தது. ஒரு பேங்க் கிளார்க், காலேஜில் லேப் உதவியாளர் ஒருவர், கோட்டைமேட்டில் கண்ணாடிக்கடை வைத்திருந்த பாய், இன்னும் நாலைந்து பேர். எல்லோருக்குமாக இரண்டு பைனாகுலர். ஞாயிற்றுக்கிழமை காலையில் குளக்கரையில் நின்று எண்ணுவோம். தை மாதத்தில் மட்டும் எண்ணிக்கையை எழுதி அனுப்ப ஒரு பெரிய ஃபாரம் வரும். அதே நாட்களில் ஜப்பானிலும் சீனாவிலும் கூடச் சாதாரண ஜனங்கள் இப்படி ஏரிக்கரையில் நின்று எண்ணுகிறார்கள் என்று கிளார்க் சொன்னார். சீனாவில் எவனோ ஒரு பட்டறைக்காரன் என்னைப் போலவே கண்ணைச் சுருக்கிக்கொண்டு நிற்பான் என்று நினைத்தால் எனக்குத் தலைகால் புரியாது.

எனக்குக் கொடுத்தது பல்லடம் பக்கம் ஒரு ஊர்க்குளம். உள்ளே கருவேலமரங்கள் அடர்ந்திருக்கும். மழைக்குப் பிறகு அவற்றில் நத்தைகுத்தி நாரைகள் கூடு கட்டும். அங்கே வெள்ளாடு மேய்த்துக்கொண்டிருந்த ஓர் அக்காதான் எனக்குக் குளத்தைக் காட்டியவர். ஐம்பதை ஒட்டிய வயது. பண்ணையத்தில் கூலி வேலை பார்த்த குடும்பம், சொந்தமாக இருந்தது எட்டு ஆடுகள். ஆட்டுக்குத் தழை வேண்டுமென்றால் தொரட்டியால் கருவேலங்கிளையை இழுத்து ஒடிப்பதுதான் அந்தப் பக்கத்து வழக்கம். கூடு உள்ள மரத்தில் யாரும் தொரட்டி போடக்கூடாது என்று மற்ற ஆட்டுக்காரர்களிடம் சண்டை பிடித்து நிறுத்தி வைத்திருந்தார் இந்த அக்கா. யாரும் சொல்லிக்கொடுத்துச் செய்ததில்லை. சீனாவிலும் எண்ணுகிறார்கள் என்று நான் சொன்னபோது, "அங்கயும் நாரை இப்படித்தான் சண்ட போட்டுக்குமுங்களா தம்பி?" என்று கேட்டார். எனக்கென்ன தெரியும், போட்டுக்கொள்ளும் என்றேன்.

அந்த வருஷம் குளத்து மரங்களை ஏலம் விடப்போகிறார்கள் என்று தெரிந்தது. மனு எழுதிக்கொண்டு தாலுக்கா ஆபீசுக்குப் போனோம். அதிகாரி நல்ல மனிதர். உட்காரவைத்துப் பேசினார். கூடு உள்ள மரங்கள் எவை என்று பட்டியல் கொடுத்தால், குஞ்சுகள் பறக்கும்வரை அவற்றை விட்டுவைக்கச் சொல்லலாம் என்றார். பட்டியல் என்ற சொல் காதில் விழுந்ததும் எனக்கு உற்சாகம் வந்துவிட்டது. இது என் வேலை என்று சொல்லிவிட்டேன்.

பொங்கலுக்குப் பட்டறை லீவு. பூப்பறிக்கிற நோம்பி அன்று ஊர்ப் பெண்களெல்லாம் பாட்டுப் பாடிக்கொண்டு ஆவாரம்பூ பறிக்கப் போயிருந்தார்கள். ஆண்களும் யாரும் குளத்துப் பக்கம் இல்லை. நானும் அந்த அக்காவும் மட்டும் தொடையளவுத் தண்ணீரில் இறங்கினோம். அரிவாளால் பட்டையைக் கையகலம் செதுக்கி, அதில் பட்டறை பெயிண்டால் ஒன்று, இரண்டு என்று போட்டுக்கொண்டே போனேன்.

"மரத்துக்கு எதுக்குங்க தம்பி நம்பரு? எதுல எத்தன கூடுன்னு நான் சொல்லிப்போடறனுங்க."

"நீங்க சொல்றது ஆபீசுல செல்லாதுங்க அக்கா. நம்பர் இருந்தாத்தான் காப்பாத்த முடியும்."

அவர் பெயிண்ட் டப்பாவைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு என்னோடு மரம் மரமாக வந்தார். முப்பத்தொரு மரங்கள். மறுநாளே பட்டியலை ஆபீசில் கொடுத்தேன். அதிகாரி கையெழுத்துப் போட்டு மேலே அனுப்பினார். இத்தனை சுத்தமான வேலையை எங்கள் குழுவில் வேறு யாரும் செய்ததில்லை என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன்.

மாசியில் தண்ணீர் வற்றி, குளம் சேறானது. ஒரு ஞாயிற்றுக்கிழமை போய் இறங்கியபோது குளத்தின் நடுவில் வெட்டவெளியாக வானம் தெரிந்தது. என் முப்பத்தொரு மரங்களும் கிடந்தன. மற்ற மரங்கள் அப்படியே நின்றன. ஏலம் எடுத்தவரின் ஆட்கள் இரண்டு நாள் முன்பு வந்திருக்கிறார்கள். நாங்கள் கொடுத்த காகிதம் எந்த மேசையில் கிடந்ததோ, அவர்கள் கைக்கு வரவில்லை. மரம் வெட்டுகிறவர்களுக்குத் தெரிந்தது ஒன்றுதான். பட்டையைச் செதுக்கி நம்பர் போட்டிருந்தால் அது வெட்டவேண்டிய மரம். எந்த ஊரிலும் அதுதான் வழக்கம். ரோட்டோரத்துப் புளியமரங்களில் நானே எத்தனையோ தடவை அதைப் பார்த்திருக்கிறேன். குளத்தில் நின்று பெயிண்ட் அடித்தபோது அது என் மரமண்டைக்கு உறைக்கவே இல்லை.

அந்த அக்கா தன் வீட்டு வாசலில் இருந்தார். கோழி அடைக்கிற கொடாப்புக்குள் ஏழு நாரைக்குஞ்சுகள். உயிரோடு கிடந்தவற்றைச் சேற்றிலிருந்து பொறுக்கி வந்திருந்தார். வாய்க்காலில் நத்தை பிடித்து, உடைத்து, சதையை அலகருகே நீட்டிக்கொண்டிருந்தார். ஒரு குஞ்சும் வாயைத் திறக்கவில்லை.

"வெட்டாதீங்கன்னு சொன்னனுங்க தம்பி. நம்பர் போட்டதே வெட்டாம இருக்கறதுக்குத்தானுங்கன்னு சொன்னன். சிரிச்சாங்க."

பிறகு, "இதுக என்ன பண்ணுனா திங்குமுங்க?" என்று கேட்டார். எனக்கு நாரையின் அலகு நீளம் தெரியும், இறகின் நிறம் தெரியும், எத்தனை நாளில் குஞ்சு பொரிக்கும் என்று தெரியும். ஒரு குஞ்சின் வாயைத் திறக்கவைக்கத் தெரியாது. பட்டறை விட்டதும் பஸ் பிடித்துத் தினமும் போனேன். இருவரும் மாறி மாறி விரலால் அலகைப் பிரித்து ஊட்டிப் பார்த்தோம். வெள்ளிக்கிழமைக்குள் ஏழும் செத்துவிட்டன. கடைசிக் குஞ்சை அவர் மடியில் வைத்துக்கொண்டே இருந்தார், நான் கிளம்பும்போதும் கீழே வைக்கவில்லை. என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் தாங்கிக்கொண்டிருப்பேன்.

ஒரு மாதம் கழித்து, அவரைப் பார்க்கலாம் என்று போனேன். வீடு பூட்டியிருந்தது. திரும்பி வந்து பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது டீக்கடைக்காரர் பேச்சுக் கொடுத்தார். என்னைக் குருவி பார்க்கிறவர் என்ற அளவில் அவருக்குத் தெரியும்.

"அந்தம்மா ஆட்டையெல்லாம் வித்துப்போட்டு மக ஊருக்குப் போயிட்டாங்க. பெருந்துறைக்குங்க."

ஏன் என்று கேட்டேன்.

"நாரை இருந்த மரமா பாத்து வெட்டிப்போட்டாங்கன்னு ஊருக்கே கோவமுங்க. ஊர்க்கூட்டத்துல நிக்க வச்சுக் கேட்டாங்க. எந்நேரமும் குளத்துக்குள்ளயே இருந்தது நீதான, நம்பர் போட்டது யாருன்னு உனக்குத் தெரியாம இருக்குமான்னு. எத்தன கேட்டும் தெரியாதுங்க, பாக்கலீங்கன்னே சொல்லிப்போட்டாங்க. ஏலக்காரனுக்கு மரத்தக் காட்டிக் குடுத்தது நீதான்னு சொல்லி, இனி குளத்துக்குள்ள ஆடு மேய்க்கக்கூடாதுன்னுட்டாங்க. மேய்க்காம ஆட்ட வச்சுட்டு என்னங்க பண்றது?"

கையில் டீ இருந்தது. பெஞ்சில் ஊர்க்காரர்கள் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். நம்பர் போட்டது நான் என்று அவர்களிடம் சொல்ல எனக்கு ஒரு நிமிஷம் போதும்.

"யாருன்னு கடைசிவரைக்கும் தெரியலீங்க," என்றார் டீக்கடைக்காரர்.

பஸ் வந்தது. டம்ளரை வைத்துவிட்டு ஏறிக்கொண்டேன்.