விண்கப்பலில் ஒரு வெறுங்கதிரை

என் தங்கச்சி அன்னப்பூரணிக்கு முப்பத்தோராம் நாள் படையல் வைக்க அவள் புருசன் சாமித்தம்பி விடவில்லை. நாலரை வருசமாக எனக்கு அந்தக் கோபம்.

செட்டிபாளையத்தில் சுனாமி வந்த அன்று போனவள். உடம்பு கிடைக்கவில்லை. "காணாத ஆளுக்கு என்னத்தைப் படைக்கிற?" என்றான்.

எனக்குப் பற்றரி சார்ஜ் பண்ணும் கடை. அவனுடைய தகரக் கொட்டிலில் கரண்ட் இல்லை. கிழமைக்கொருக்கா கார் பற்றரியைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு வருவான். எல்லாம் ஒரு டிவி நாடகத்துக்காக. வழிதவறிய விண்கப்பல் பூமிக்குத் திரும்பப் பார்க்கும் கதை. புருசனும் பெண்சாதியும் சேர்ந்து பார்க்கத் தொடங்கியது. பேச்சு இங்கிலீசு, கீழே ஓடுவது சிங்கள எழுத்து. அவனுக்கு இரண்டும் தெரியாது. கதையை அவனே கட்டிக்கொள்வான்.

அந்தக் கப்பலில் எஞ்சின் பார்த்த பெண்ணொருத்தி வெளியே இழுபட்டுப் போய்விட்டாள். அவள் இருந்து வேலைசெய்த கதிரையில் தலைவன் யாரையும் இருக்க விடுவதில்லை.

"பாத்தியா மச்சான், அவன் கதிரையைக் குடுக்கல்ல" என்பான். எனக்கு விளங்கும். பற்றரியை எடுத்துக் கொடுப்பேன்.

இரண்டாயிரத்து ஏழில் நாடகத்தில் அந்தப் பெண் திரும்பி வந்தாள். மறுநாள் கடைக்கு வந்தவன் சைக்கிளை விட்டு இறங்கவில்லை.

"வந்திட்டாளாமே. சந்தோசம்தானே?"

"கதவைத் திறந்து வாறாள். தலைமயிர்கூடக் கலையல்ல. எங்க கிடந்தாய் எண்டு ஒருத்தன் கேக்கல்ல."

"நாடகம்தானே மச்சான்."

"ஓம். நாடகம்தான்."

பிறகும் அவளைக் கொன்றார்கள், திரும்பக் கொண்டுவந்தார்கள். மூன்று தரம். "இவனுகளுக்குச் சாவு பகிடியாப் போச்சி" என்றான். பூமிக்குப் போகும் பேச்சே கப்பலில் இல்லாமல் போனது. அவனும் மாதத்துக்கொருக்காதான் வந்தான். ஒருநாள் பற்றரியை வைத்துவிட்டுப் போனவன் எடுக்க வரவில்லை. அது இன்னும் என் கடையில்தான் கிடக்கிறது.

இரண்டாயிரத்து ஒன்பது வைகாசியில் நெஞ்சு வருத்தத்தோடு மட்டக்களப்பு ஆஸ்பத்திரியில் கிடந்தான். வெளியே வெடி கொளுத்தினார்கள்.

"என்னவாம்?"

"சண்டை முடிஞ்சிதாம்."

"நாடகம்?"

"அது இன்னும் ஓடுது."

யன்னல் பக்கம் திரும்பினான். இருமி முடிய நேரமெடுத்தது.

"மச்சான், எண்ட முப்பத்தொண்டுக்கு ரெண்டு இலை போடு. அவள்ட இலையில இறால் பெரிசாப் பாத்து வை."